‘எப்ப வருவ?’ என்று கேட்காத வீடு

போன வருஷம் பொங்கல் முடிந்த கையோடு நடந்தது இது. இடம் சிதம்பரம் ரயில் நிலையம். உச்சி வெயில். சென்னை போகும் வண்டி பிளாட்பாரத்தில் வந்து நிற்கிறது. அதில் ஏற வேண்டிய என் மகள் டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்து நிதானமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறாள். என் மாமனார், மாமியார், மனைவி மூன்று பேரும் அவள் குடித்து முடிக்கட்டும் என்று பேசாமல் நிற்கிறார்கள். நான் ஒருவன்தான் "வண்டி போயிடும், வண்டி போயிடும்" என்று தொண்டை கிழியக் கத்துகிறேன். வேடிக்கை என்னவென்றால், அவள் அந்த வண்டியில் போகவே கூடாது என்று மாதக்கணக்கில் வீட்டில் சண்டை போட்டவனும் நான்தான்.

இது புரிய வேண்டுமானால் என் மாமனார் வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சொல்ல ஆரம்பித்தாலே எனக்கு பிரஷர் ஏறும். பரவாயில்லை, சொல்கிறேன்.

நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பெயிண்ட், ஹார்டுவேர் கடை வைத்திருப்பவன். அப்பா ஆரம்பித்த கடை. என் மனைவிக்கு, சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் போகிற வழியில் ஒரு கிராமம். நிலம் நீச்சு உள்ள வீடுதான். ஆனால் அந்த வீட்டு ஆண்கள் ஒருவர்கூட ஊரோடு இருந்து அந்த நிலத்தைப் பார்த்ததில்லை. மாமனாரின் அப்பா மிலிட்டரி. மாமனார் மிலிட்டரி. என் மனைவியின் தம்பி, அதாவது என் மச்சான், இன்றைக்கும் மிலிட்டரி. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, எங்கேயோ பனியிலும் மணலிலும் போய் நின்றுவிட்டு வருவார்கள்.

பெண் பார்க்கப் போன அன்றே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தோம். பண்ருட்டி அத்தையை ஏற்றிக்கொண்டு போனதில் கொஞ்சம் தாமதம். மாமனார் தெருவில் நின்று வாட்சைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மாப்பிள்ளையை வா என்று கூப்பிடுவதற்கு முன்னால் வாட்சைப் பார்த்த மனிதரை நான் அதற்கு முன் கண்டதில்லை. அந்த வீட்டில் பஸ் ஒரு மணிக்கு என்றால் பதினோரு மணிக்கே எல்லோரும் செருப்புப் போட்டுக்கொண்டு நிற்பார்கள். கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தல் கட்டுகிறவன் வருவதற்கு முன்னால் இவர்கள் போய் உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு வெட்கமாக இருக்கும்.

சரி, அப்படி என்னதான் அந்த வேலையில் இருக்கிறது, அப்பன் பிள்ளை பேரன் என்று வரிசையாகப் போகிறார்களே என்று எனக்கும் தெரிந்துகொள்ள ஆசைதான். மாமனாரிடம் போர்க் கதை ஏதாவது இருக்கும், அதைக் கேட்டுத்தான் பிள்ளைகள் வீறு கொண்டு போகிறார்கள் என்று நினைத்தேன். மண்ணாங்கட்டி. மாமனார் ராணுவத்தில் லாரி ஓட்டியவர். அரிசி மூட்டையும் மண்ணெண்ணெய் பீப்பாயும் ஏற்றிக்கொண்டு மலை மேலே போய், இறக்கிவிட்டு வந்தவர். அதைப் பற்றியும் வாயைத் திறக்க மாட்டார். ரொம்பவும் வற்புறுத்திக் கேட்டால் "ரோடு மோசம் மாப்ள" என்பார். ஒரு முழு சர்வீஸுக்கும் அவ்வளவுதான் கதை.

ஊரில் அந்த வீட்டுக்கு மரியாதை உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. மச்சான் லீவில் வந்தால் மறுநாள் காலையிலேயே சொந்தக்காரர்கள் குசலம் விசாரிக்க வந்துவிடுவார்கள். எல்லோருடைய கண்ணும் மிலிட்டரி கேன்டீன் சரக்கு பாட்டில் இருக்கிற பீரோ மேலேயே இருக்கும். பாட்டில் தீர்ந்த மறுநாள் தெருவில் ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஒன்று உண்டு. அதைக் கல்யாணமான புதிதில் பார்த்தேன்.

மச்சான் அப்போதுதான் டிரெய்னிங் முடித்து முதல் லீவில் வந்திருந்தான். லீவு முடிந்து கிளம்புகிற நாள். சோறு ஆக்கி, புளிச்சாதம் கட்டி, எல்லாம் தயார். வாசலைத் தாண்டி இரண்டு எட்டு வைத்திருப்பான். புது மாப்பிள்ளை, அன்பாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று நான், "எப்ப மச்சான் திரும்பி வருவ?" என்றேன். ஊரில் யாரும் யாரையும் கேட்கிற கேள்விதானே?

மாமியார் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். என் மனைவி என் முழங்கையைக் கிள்ளினாள். மச்சான் பெட்டியைக் கீழே வைத்தான். செருப்பைக் கழற்றினான். திரும்ப வீட்டுக்குள் போய்ப் பாயில் உட்கார்ந்தான். மாமியார் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அதை முழுவதும் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு மறுபடி கிளம்பினான். அதற்குள் டவுன் பஸ் போய்விட்டது, அடுத்த பஸ் வரை காத்திருக்க மாமனாருக்குப் பொறுக்கவில்லை. கடைசியில் என் டிவிஎஸ் வண்டியின் பின்னால் அவனை உட்காரவைத்து, அவன் மடியில் பெட்டியை வைத்து, சிதம்பரம் வரை உயிரைப் பிடித்துக்கொண்டு ஓட்டியவன் நான்தான்.

அந்த வீட்டில் போகிறவனை எப்போது வருவாய் என்று கேட்கக் கூடாதாம். கேட்டுவிட்டால் போகிறவன் திரும்பி வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டுமாம். ஏன் என்று கேட்டால், "எங்க வூட்ல கேக்க மாட்டாங்க. அவ்ளோதான்" என்றாள் மனைவி. சரி, அதைக் கேட்கக் கூடாது, வேறு என்னதான் கேட்பார்கள் என்கிறீர்களா? "சாவி எங்க வச்சிருக்க?" என்று கேட்பார்கள். டிரங்குப் பெட்டியின் பூட்டுச் சாவி. எல்லைக்குப் போகிற ஒரே பிள்ளையை வழியனுப்பும்போது, பெற்ற தகப்பன் கேட்கிற கடைசிக் கேள்வி பூட்டுச் சாவியைப் பற்றி. மச்சான் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டுவான். மாமனார் தலையாட்டுவார். முடிந்தது. இவர்கள் நெஞ்சில் ஈரம் என்று ஒன்று உண்டா என்று நான் அப்போது நினைத்தேன். வெளியிலும் சொல்லியிருக்கிறேன். மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

எங்களுக்கு ஒரே பெண். இந்த மிலிட்டரி வாடையே படாமல் அவளைக் கடலூரில் வளர்த்தேன். படித்து, பேங்க் பரீட்சை எழுதி, மஞ்சக்குப்பத்தில் ஏதாவது ஒரு கிளையில் ஃபேன் அடியில் உட்கார வேண்டும். மாலையில் வீட்டுக்கு வர வேண்டும். என் ஆசை இவ்வளவுதான். அதிகமா, சொல்லுங்கள்?

காலேஜ் சிதம்பரத்தில் கிடைத்தது. தினமும் பஸ்ஸில் அல்லாட வேண்டாம் என்று மாமனார் வீட்டில் தங்கிப் படிக்க வைத்தோம். காலேஜில் என்சிசியில் சேர்ந்தாள். சர்ட்டிபிகேட் கிடைக்கும், வேலைக்கு உதவும் என்றாள். சரி என்றேன். லீவுக்குக் கடலூர் வரும்போதெல்லாம் விடியற்காலையில் சில்வர் பீச்சில் ஓடப் போனாள். உடம்பு குறைக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்து, நல்ல ஷூவாக நானே வாங்கிக் கொடுத்தேன். நடுவில் ஒரு நாள் மாமனார் போன் செய்து, "கறுப்பு எனாமல் ஒரு டப்பா அனுப்புங்க மாப்ள, பழைய பெட்டிக்கு அடிக்கணும்" என்றார். பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினேன், பிரஷ்ஷோடு.

இவ்வளவும் எதற்கு என்று தெரிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வேலூரில் நடந்த ஆள்சேர்ப்பு முகாமுக்குப் போய் ஓடி, தாண்டி, மெடிக்கலும் பாஸ் செய்து, அக்னிவீர் திட்டத்தில் ராணுவ போலீஸில் பெண்களை எடுக்கிறார்களே, அதில் என் மகள் தேர்வாகியிருந்தாள். மகள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அம்மா தாத்தாவிடம் சொல்லியிருக்கிறாள். தாத்தா, வடக்கே இருக்கும் என் மச்சானுக்குச் சொல்லியிருக்கிறார். காஷ்மீர் வரைக்கும் போன சேதி, கடைக்குப் பின்னால் இருக்கும் என் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு வரவில்லை.

கத்தினேன். கடையை மூடிவிட்டு வந்து கத்தினேன். நாலு வருஷம் முடிந்து வெளியே அனுப்பிவிட்டால் என்ன செய்வாய் என்றேன். "அப்பவும் எனக்கு இருபத்தஞ்சுதான்பா ஆயிருக்கும். பேங்க் பரீட்சை எங்கயும் ஓடிப் போயிடாது" என்றாள். பொம்பளைப் பிள்ளை, ஊர் என்ன சொல்லும் என்றேன். "ஊருக்கு கேன்டீன் கோட்டா கெடைக்கும்னு சொல்லுப்பா, அமைதியாயிடும்" என்றாள். சிரிப்பு வந்தது, அதனால் கோபம் இன்னும் ஜாஸ்தியானது.

கடைசி ஆயுதமாக மச்சானைப் பிடித்தேன். அனுபவப்பட்டவன், அவன் சொன்னால் கேட்பாள் என்று போனை ஸ்பீக்கரில் போட்டு, "அங்க படற கஷ்டத்த ஒண்ணு வுடாம சொல்லு மச்சான்" என்றேன். அவனும் மனசாட்சியோடு எல்லாவற்றையும் சொன்னான். அம்மாவுக்கு ஆபரேஷன் என்றபோது லீவு கிடைக்காதது, காலில் உணர்ச்சியே இல்லாமல் போன குளிர், குழந்தை பிறந்து ஆறு மாதம் கழித்து முகம் பார்த்தது. கேட்டுக்கொண்டிருந்த என் மனைவியின் கண்ணிலேயே தண்ணீர் வந்துவிட்டது. மகள் குழம்புக்குப் பக்குவம் கேட்கிறவள் மாதிரி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, "சாக்ஸ் எத்தினி ஜோடி எடுத்துக்கணும் மாமா?" என்றாள். அவனும் மடையன் மாதிரி, "கம்பளி சாக்ஸ் தனியா ரெண்டு வச்சிக்கம்மா, சீக்கிரம் காயாது" என்று ஆரம்பித்துவிட்டான். நான் போனைப் பிடுங்கி வைத்தேன்.

கிளம்பும் நாள் வந்தது. சென்னையில் போய் ஆஜராக வேண்டும். அங்கிருந்து மற்றப் பெண்களோடு பெங்களூருக்கு டிரெய்னிங். சொன்ன நாளில் சொன்ன நேரத்தில் போகவில்லை என்றால் அவ்வளவுதான், அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள் என்று கடிதத்திலேயே இருந்தது. சரி, சென்னை வண்டி என் கடையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் உள்ள திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் நிற்கிறது. அங்கே ஏறினால் ஆகாதா? ஆகாதாம். அந்த வீட்டிலிருந்து போன எல்லோரும் அந்த வாசலைத் தாண்டி, சிதம்பரத்தில்தான் வண்டி ஏறியிருக்கிறார்களாம். கடலூரிலிருந்து தெற்கே சிதம்பரம் போய், அங்கே வண்டி ஏறி, திரும்ப என் கடை வழியாகவே வடக்கே போக வேண்டும். இதில் ஏதாவது அறிவு இருக்கிறதா? மனைவி, "உங்களுக்கு கஷ்டமா இருந்தா கடைய பாத்துக்குங்க, நாங்க போயிட்டு வர்றோம்" என்றாள். அப்புறம் நான் எங்கே பேசுவது.

நான் ஒரு திட்டத்தோடுதான் போனேன். வாசலைத் தாண்டும்போது கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டுவிடுவது. அவள் திரும்பி வந்து உட்காருவாள், தண்ணீர் குடிப்பாள், வண்டி போய்விடும். அவர்களுடைய சம்பிரதாயம், அவர்களுடைய சொம்பு. என்னை யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

நடக்கவில்லை. மதியம் வரும் வண்டிக்கு மாமனார் காலை இட்லி முடிந்ததுமே எல்லோரையும் கிளப்பிவிட்டார். மூன்று முறை திரும்பி வந்து ஒரு குடம் தண்ணீர் குடித்துவிட்டுப் போனாலும் வண்டியைப் பிடித்துவிடலாம். அதோடு வாசல் தாண்டும் நேரத்தில், "மாப்ள, பெட்டிய புடிங்க" என்று என் தலையில் டிரங்குப் பெட்டியை ஏற்றிவிட்டார் அந்த மனிதர். என் கடைக் கறுப்பு எனாமல் பளபளவென்று இருந்தது. வெள்ளையில் அவள் பெயர். கழுத்து வலியில் எனக்கு வாய் திறக்கவில்லை.

ஸ்டேஷனில் காத்தோம், காத்தோம், அப்படிக் காத்தோம். தெற்கே போகிற வண்டிகள், வடக்கே போகிற வண்டிகள் எல்லாம் போயின. மாமியார் புளிச்சாதப் பொட்டலத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தார். மகளைப் பார்த்தேன். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தாள். கழுத்து சின்னதாகத் தெரிந்தது. எல்கேஜிக்குக் கொண்டுபோய் விட்டபோது தெரிந்த அதே கழுத்து. அதைப் பார்த்ததும் எனக்குத் திட்டமெல்லாம் மறந்துவிட்டது.

வண்டி வந்தது. அவள் படியில் கால் வைத்தாள். நான் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் வண்டியைத் தவறவிட வைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. எனக்குத் தெரிய வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

"எப்பம்மா வருவ?" என்றேன்.

அவள் படியில் வைத்த காலை எடுத்தாள். கீழே இறங்கினாள்.

"உக்காரும்மா" என்றார் மாமனார். "தண்ணி குடி."

பெட்டி மேல் உட்கார்ந்தாள். பையிலிருந்து பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினாள். அந்த ஸ்டேஷனில் வண்டி நிற்பதே இரண்டு நிமிஷம். மாமனாருக்கு அது தெரியும். என்னைவிட நன்றாகவே தெரியும். வாழ்நாள் முழுக்க நேரத்துக்கு முன்னால் போய் நின்ற மனிதர், வண்டி கிளம்பும் நேரத்தில் பேத்தியைத் தண்ணீர் குடிக்க வைத்துவிட்டுப் பின்னால் கை கட்டி நின்றார். அங்கேதான் நான் கத்த ஆரம்பித்தேன்.

"மாமா, வண்டி போயிடும்! லூசா நீங்கள்லாம்? ஏய், எழுந்திருடி! இத்தினி நாள் ஓடி ஓடி வாங்குன வேலடி!"

என் வாயிலிருந்து வந்தது அது. நான் சொன்னதுதான். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"பாட்டில் தீரட்டும்ங்க" என்றாள். "நீங்க கேட்டதுக்கு அவளுக்கு பதில் தெரியாது. தம்பிக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. கேட்டா பொய்தான் சொல்லணும். பொய் சொல்லிட்டு போற புள்ள நல்லபடியா போவுமா? அதுக்குத்தான் கேக்கறதில்ல."

இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது கல்யாணமாகி. இதை இப்போது, கார்டு கொடியைத் தூக்குகிற நேரத்தில் சொல்கிறாள். எனக்கு எங்கே முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. விசில் ஊதிவிட்டார்கள். "எழுந்திரு" என்று மகளின் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தி, அவள் உட்கார்ந்திருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிப் படியில் ஏறினேன். உள்ளே தள்ளினேன். யாரோ ஒருவருடைய காலில் பட்டு அவர் திட்டினார். சீட்டுக்கு அடியில் செருகினேன், அது போகவில்லை, உதைத்துச் செருகினேன். நிமிர்ந்தால் மகள் எதிரே நிற்கிறாள், கையில் புளிச்சாதப் பொட்டலம், பாட்டில் காலி. ஜன்னலுக்கு வெளியே என் மனைவியும் மாமனார் மாமியாரும் மெதுவாகப் பின்னால் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

வண்டி கிளம்பிவிட்டது. நானும் அதில் இருந்தேன்.

"இறங்காதப்பா, வேகம் புடிச்சிடுச்சி" என்று சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். காலில் அடிபட்டவர்கூடச் சிரித்தார். போகவே கூடாது என்றவன், பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளோடு நானே போய்க்கொண்டிருக்கிறேன். டிக்கெட் பரிசோதகர் வந்து, பிளாட்பாரம் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அபராதம் போட்டுவிட்டுப் போனார். அவர் கடமை அவருக்கு.

வெள்ளாற்றுப் பாலம் தாண்டும்போது நான் கேட்டேன். சண்டை போடவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். "தாத்தா அப்படி இன்னாதான் சொன்னாரு உனக்கு?"

"தாத்தா ஒண்ணுமே சொல்லலப்பா. போன்னும் சொல்லல."

"பின்ன?"

காலி பாட்டிலின் மூடியைத் திருகி மூடினாள். பிறகு சொன்னாள். "எங்கூட என்சிசில ஒருத்தி இருந்தாப்பா. காடாம்புலியூர். முந்திரிக் காடு வச்சிருக்கறவங்க. என்னவிட நல்லா ஓடுவா. வேலூர்ல எனக்கு முன்னாடி வந்தா. ரெண்டு பேருக்கும்தான் செலக்சன் வந்துது. அவுங்க வூட்ல ஒரு வாரம் அடுப்பு பத்த வைக்கல. அவுங்க அம்மா படுத்த படுக்கையா படுத்துட்டாங்க. இன்னிக்கி அவ வரல."

"உங்க அம்மா அழலயா?"

"அம்மா அழுவாதா? பாட்டி அழுவாதா? தாத்தா கொல்லப் பக்கம் போய்ட்டு கண்ண தொடச்சிக்கினு வருவாரு, மாமா கெளம்பறப்பல்லாம் பாத்திருக்கேன். ஆனா சோறு ஆக்கிட்டு அழுவாங்கப்பா. பெட்டிக்கு பெயிண்ட் அடிச்சிட்டு அழுவாங்க. நான் அவள விட பெரிய ஆளு இல்ல. எனக்கு அனுப்பறதுக்கு ஆளு இருக்காங்க, அவளுக்கு இல்ல. வேற ஒண்ணும் இல்ல." பிறகு என் தோளில் இடித்தாள். "ஷூ வாங்கிக் குடுத்தது நீதான்பா. பெயிண்ட்டும் உன் கடைதான். இப்ப பெட்டிய ஏத்தனதும் நீதான்."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. இவ்வளவு வருஷமாக ஈரமில்லாத வீடு என்று நான் பேசிக்கொண்டிருந்த வீட்டில், கொல்லைப்புறத்தில் ஒரு மனிதர் தனியாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறார். என் பெண் பார்த்திருக்கிறாள், நான் பார்க்கவில்லை. அந்தக் காடாம்புலியூர் பெண்ணின் அப்பாவை நினைத்தேன். அவருக்கும் என்னை மாதிரி ஒரு ஆசைதான் இருந்திருக்கும். அவர் ஜெயித்துவிட்டார். அந்தப் பெண் இந்நேரம் முந்திரித் தோப்பில் எந்த மரத்தடியில் நின்றுகொண்டு இந்த வண்டி எங்கே போகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பாளோ. என்னவோ, அவர்மேல் பொறாமைப்பட என்னால் முடியவில்லை.

திருப்பாதிரிப்புலியூர் வந்தது. என் ஸ்டேஷன். இறங்கினேன். அவள் வாசல் படிக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூட எங்கள் ஆட்கள் வேறு யாரும் இல்லை. மாமனார் இல்லை, மனைவி இல்லை. என் மகளை நான் ஒருவனாக அனுப்ப வேண்டும். கேட்க வேண்டியதெல்லாம் வரிசையாக வந்து நின்றது. எங்கே தூங்குவாய், யார் அடிப்பார்கள், குளிர் தாங்குவாயா, எப்போது வருவாய், எப்போது வருவாய். அவளும் அதைத்தான் எதிர்பார்த்து, கையில் காலி பாட்டிலை வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பயமாக இருந்தது. அன்றைக்கு முழுதும் அவள் முகத்தில் பயத்தை அப்போதுதான் பார்த்தேன். மறுபடி கேட்டுவிடுவேனோ என்கிற பயம்.

"சாவி எங்க வச்சிருக்க?" என்றேன்.

கழுத்தில் கட்டியிருந்த கறுப்புக் கயிற்றை இழுத்து வெளியே எடுத்துக் காட்டினாள். நான் தலையாட்டினேன். வண்டி நகர்ந்தது. அவள் கண்ணுக்குத் தெரியாத தூரம் போகிறவரைக்கும் அந்தச் சாவியை ஆட்டிக் காட்டிக்கொண்டே போனாள்.

கடைக்கு நடந்து வந்து, ஷட்டரைத் தூக்காமல் வீட்டு வழியாகப் போய் உள்ளே உட்கார்ந்திருந்தேன். போன் வந்தது. மனைவி என்று நினைத்து எடுத்தால் மாமனார். எங்கே இருக்கிறீர்கள், எப்படி இறங்கினீர்கள் என்று ஒரு வார்த்தை கிடையாது.

"சாவி கேட்டீங்களா மாப்ள?"

"கேட்டேன் மாமா."

"சரி." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு வைத்துவிட்டார்.

இப்போது கடைக்கு வருகிறவர்கள், "உங்க மாமனார் வூட்டு ரத்தம் சார், அப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள். சிலர் கோட்டா பற்றியும் கேட்கிறார்கள். எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. ஏன், என் ரத்தம் என்ன டர்பென்டைனா? ரத்தத்தில் ஒன்றும் இல்லை ஐயா. ஓடத் தெரிந்த பிள்ளை காடாம்புலியூரிலும் இருக்கிறது, கடலூரிலும் இருக்கிறது. அழுகிற நேரத்திலும் புளிச்சாதம் கட்டிக் கொடுத்து, சாவியைக் கேட்டு அனுப்புவதற்கு ஆள் இருக்கிற வீட்டிலிருந்துதான் அது வண்டி ஏறுகிறது. அப்படி ஒருமுறை அனுப்பிப் பழகிய வீடு, அடுத்த பிள்ளையையும் அனுப்பிவிடுகிறது. விரும்பியோ விரும்பாமலோ நானும் இப்போது அந்த வீட்டு ஆள்தான்.

அவளுக்கு அடுத்த லீவு எப்போது என்று எனக்கு இன்றுவரை தெரியாது, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் அந்தக் கேள்வி வாய் நுனி வரைக்கும் வருகிறது, அதை விழுங்கிவிட்டு, "கம்பளி சாக்ஸ் காஞ்சிதாம்மா?" என்று கேட்டு வைத்துவிடுகிறேன்.